ஏழாவது கன்னி

அவளிடம் நான் முதன்முதலில் சொன்ன வாக்கியம், "எங்க வீட்டுல காலேஜ் வாசல மிதிச்ச மொத ஆளு நாந்தான்." சொல்லிவிட்டுச் சற்று நிமிர்ந்து நின்றேன். இந்த வாக்கியத்தைக் கேட்டால் பொதுவாக மனிதர்களின் முகம் கனியும். சிலர் "நல்லாப் படிம்மா" என்பார்கள். ஒருமுறை இதைச் சொன்னதற்கு நெரிசலான பேருந்தில் ஜன்னல் சீட்டே கிடைத்திருக்கிறது. அவள் கட்டிலில் சம்மணமிட்டு நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "காட்டு, பாப்போம்" என்றாள்.

"என்னத்தக் காட்ட?"

"மார்க் ஷீட்டுதான்."

வந்த கோபத்தில் பெட்டியின் அடியிலிருந்த உறையை எடுத்து அவள் மடியில் போட்டேன். கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு, கழுத்துக் கயிற்றில் தொங்கிய சின்ன லென்சை விரித்துக் கண்ணோடு ஒட்டி, முதலில் பல்கலைக்கழக முத்திரையைப் பார்த்தாள். பிறகுதான் மதிப்பெண்கள். "அக்கவுன்டன்சில நல்ல மார்க்கு. ஒரிஜினல்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, ஒரு கைப்பிடிக் கடலையை நீட்டினாள்.

புதுக்கோட்டையில் நாங்கள் இருவரும் ஒரே அறையில் வாடகைக்கு இருந்த காலம் அப்படித் தொடங்கியது. நான் எம்.காம். படித்துக்கொண்டிருந்தேன். அவள் நிலவியலில் ஆராய்ச்சி மாணவி, என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். அக்கா என்று கூப்பிட்டேன். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், "இது நாந்தான்னு எப்படிச் சொல்ற, காட்டு" என்று வந்து நிற்பாள்.

யார் சொன்னாலும் அவள் நம்ப மாட்டாள். சந்தேகப் பிராணி என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் சந்தேகப்படுகிறவர்களின் முகத்தில் ஒரு கசப்பு இருக்கும். இவள் முகத்தில் இருந்தது பசி. காய்காரர் "பிஞ்சு வெண்டக்காம்மா" என்றால் முனையை ஒடித்துப் பார்ப்பது எல்லோரும் செய்வது. இவள் ஒடித்ததைத் தின்றும் பார்ப்பாள். தள்ளுவண்டியில் ஒரு மூலை காலியான பிறகு, "பிஞ்சுதான், அரைக் கிலோ போடுங்கண்ணே" என்பாள். காய்காரர் அதற்குள் அரைக் கிலோவை இழந்திருப்பார்.

ஒருமுறை ஆஸ்பத்திரியில் அவளுக்கு ரத்தம் குறைவு என்றார்கள். எந்தப் பெண்ணும் தலையாட்டிவிட்டு மாத்திரையை வாங்கி வருவாள். இவள் ஆய்வகத்தின் வாசலை அடைத்துக்கொண்டு நின்று, தன் ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்த பிறகுதான் நகர்ந்தாள். "செவப்பணு என்ன அழகுங்கிற! ஆனா கம்மிதான்டி" என்று சந்தோஷமாக வந்து சொன்னாள். அன்றிலிருந்து பேரீச்சம்பழத்தை ஒழுங்காகத் தின்றாள். அது ஒன்று அவளிடம் உண்டு. கண்ணால் பார்த்துவிட்டால் அந்த நிமிடமே கட்சி மாறிவிடுவாள். கொஞ்சமும் வெட்கம் கிடையாது.

அறந்தாங்கிப் பக்கம் அவள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தபோது துணைக்கு நானும் போயிருந்தேன். "எங்க தம்பி அதிர்ந்து பேசத் தெரியாத புள்ள" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. இருவரையும் தனியாகப் பேச மொட்டைமாடிக்கு அனுப்பினார்கள். மேலே போனவள் சோதனைக்காக ஒரு வார்த்தைகூடப் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள். கீழே இருந்த எங்களுக்கு மாப்பிள்ளையின் குரல் மட்டும் கேட்டது. கார் மைலேஜ், கிரிக்கெட், தன் மேனேஜரை எப்படிக் கிழித்துத் தோரணம் கட்டினார் என்பது, மறுபடியும் மைலேஜ். காபி ஆறி ஆடை கட்டியது. இறங்கி வந்தவள், குறை சொல்லும் தொனியே இல்லாமல், "அத்த, நீங்க சொன்னது சரியா வரல" என்றாள். அவர்கள் பஜ்ஜியைக்கூட முடிக்காமல் கிளம்பிவிட்டார்கள். மீதியை நாங்கள் முடித்தோம்.

எங்கள் அறையில் கட்டில்களுக்கு அடியில், அலமாரிக்கு மேலே, குளியலறைக்குப் போகும் வழியில் எல்லாம் சாக்கு மூட்டைகள் இருந்தன. உள்ளே கல். என் அம்மா குவாரியில் ஜல்லி உடைத்து என்னைப் படிக்க வைத்தவள். கல்லை விட்டுத் தூரமாகப் போகத்தான் நான் கணக்குப் படித்தேன். வந்து சேர்ந்தது இங்கே. ஒருநாள் என்னைப் பார்க்க வந்த அம்மா, மூட்டைகளைத் தாண்டித் தாண்டி உள்ளே வந்து, "ஏண்டி, இம்புட்டுப் படிச்சும் கல்லுதான் சொமக்கணுமா? அதுக்கு எங்கூடவே வந்துருக்கலாமே" என்றாள். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மூட்டைகளில் பாதியை ரயில்வே ஸ்டேஷனிலிருந்து சுமந்தது நான்.

அந்தக் கற்கள் ராஜஸ்தான் பக்கத்துக் குன்று வரிசை ஒன்றிலிருந்து வந்தவை. பல கோடி வருடங்களுக்கு முன் எரிமலைக் குழம்பு பிதுங்கி உண்டான மேடுகள் அவை. எரிமலை என்றால் நாம் நினைப்பதுபோல ஆறாக ஓடி வருவது இல்லை. "ரசம் வேற, களி வேறடி" என்பாள். இது களி. கெட்டியாக இருப்பதால் ஓடாது. வெளியே வந்த துளையின் மேலேயே குவிந்து உட்கார்ந்துவிடும். உள்ளேயிருந்து புதுக் களி தள்ளத் தள்ள, மேலே காய்ந்த தோல் வெடித்துச் சரியும். மேடு பருத்துக்கொண்டே போகும்.

"மூஞ்சில வர்ற பரு மாதிரியாக்கா?"

"பருதான். ஆனா இந்தப் பரு மொளச்சது கடலுக்கு அடியில."

அங்கேதான் சுவாரசியம். சூடேறிய கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் என்ன ஆகும்? கடலடியில் அந்தக் களியின் தோலும் அப்படித்தான் சில்லுச் சில்லாக நொறுங்கி, மேட்டின் காலடியில் பாவாடைபோலக் குவியும். நாளடைவில் அந்தச் சில்லுகள் பச்சை நிறமாகிவிடும். மேடு தான் உதிர்த்த சில்லுகளின் மேலேயே ஏறி ஏறி வளரும். ஒருநாள் அதன் தலை தண்ணீருக்கு வெளியே வந்துவிட்டால் எல்லாம் மாறும். காற்றில் நிதானமாக ஆறும். சூட்டோடு காற்றுப் பட்ட தோல், சூளையில் வெந்த செங்கல்போலச் சிவந்துவிடும்.

அவளுடைய கேள்வி இவ்வளவுதான். அந்த மேடுகளின் தலை கடலுக்கு வெளியே வந்ததா, வரவில்லையா? அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டியான பேராசிரியர், துறையில் எல்லோருக்கும் 'சார்', வரவே இல்லை என்று வருடக்கணக்காகச் சொல்லியும் எழுதியும் வந்தவர். இவள் அவரிடமே போய், "காட்டுங்க சார்" என்று கேட்டவள். அவர்களுடைய உறவு எப்படி இருந்திருக்கும் என்பதை இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

இதையெல்லாம் கேட்டுக் கேட்டு, மொட்டையாக எந்தக் குன்றைப் பார்த்தாலும் எனக்கு எரிமலையாகத் தெரிய ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தன்னவாசலுக்குப் போயிருந்தோம். மதுரையிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்துக்கு நான், "இது கடலுக்கு அடியிலேர்ந்து வளந்து வந்த எரிமலைக் கொழம்புங்க" என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அவர்களும் வாயைப் பிளந்து கேட்டார்கள். அக்கா அங்கிட்டுக் கீழே கிடந்த கல் ஒன்றை நாக்கால் நக்கி லென்சில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரமானால்தான் கல்லின் நிறம் சரியாகத் தெரியும். காவலாளி, "என்னம்மா, உப்பு போதுமா?" என்று கேட்டார். "பத்தல" என்று பதில் சொல்லிவிட்டு என்னிடம் வந்தாள்.

"யாருடி சொன்னா இது எரிமலைன்னு?"

"நீதான்க்கா. மேடா, மொட்டையா..."

"இது பூமிக்குள்ளயே ஆறுன கல்லு. வெளியவே வரல. மேல மூடியிருந்ததெல்லாம் காலாகாலமா கரைஞ்சு போயி, இப்பத் தல தெரியுது. அது வளந்து வந்தது. இது தோலுரிச்சு வந்தது. போயி சொல்லிட்டு வா."

அந்தக் குடும்பத்தின் பின்னால் ஓடிப்போய்த் திருத்தம் சொன்னேன். "அப்ப எரிமல இல்லையாம்மா? குரூப்புல போட்டுட்டேனே!" என்றார் குடும்பத் தலைவர். பின்னாலேயே வந்த அக்கா, "அழிச்சிருங்கண்ணே" என்று சொல்லி, அவர் அழிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

அந்த வருடம் மழைக்காலத்தின் தொடக்கத்தில் அவளுடைய ஆய்வேடு முடிந்துவிட்டது, தலை வெளியே வந்தது என்று சொல்லும் கடைசி அத்தியாயம் தவிர. மாதக் கடைசிக்குள் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால், அவள் ஊர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வேலை தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள். கொடுக்காவிட்டால் அந்த வேலை இன்னொருவருக்கு. ஏற்கெனவே வீட்டில் அவளுடைய அப்பா, "ஒம் மலை எப்பத்தா எறங்கும்?" என்று போனில் கேட்க ஆரம்பித்திருந்தார்.

படம் எடுப்பதற்காக ஏழு கற்களைத் தேர்ந்தெடுத்தாள். வீட்டின் பின்புறம் வேப்பமரத்தடியில், காலை வெயில் நேராக விழும்படி கிழக்குப் பார்த்து வரிசையாக நிறுத்தினாள். முதல் கல் மேட்டின் அடிவாரத்திலிருந்து, ஆழ்கடல். அடுத்தடுத்து மேலே ஏறி, ஏழாவது கல் தலையிலிருந்து வந்ததாக அவள் நினைப்பது. அது மட்டும் பாறையில் உடைத்து எடுத்தது இல்லை. பயணத்தின் கடைசி நாளில் குன்றின் கீழே ஓடையில் கண்டெடுத்தது. அதில் அவளிடம் இருந்ததே அந்த ஒரு கட்டிதான். மற்ற ஆறையும் ஏற்கெனவே மெல்லிய சீவலாக அறுத்துக் கண்ணாடியில் ஒட்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டாள். ஏழாவதைப் படம் எடுத்த பிறகு அறுக்கலாம் என்று வைத்திருந்தாள். வானம் மூட்டமாகவே இருந்தது. வெயில் வரட்டும் என்று கற்களை அப்படியே விட்டுவிட்டு ஊருக்குப் போனாள்.

எங்கள் வீட்டுக்காரம்மாவுக்கு அப்போது ஒரே கவலை, தண்ணீர். இரண்டு முறை போர் போட்டும் மோட்டார் காற்றைத்தான் துப்பியது. விடிந்ததும் கொல்லைப்பக்கம் வந்தவர் பார்த்தது, வேப்பமரத்தடியில் கிழக்குப் பார்த்து நிற்கும் ஏழு கல்.

நம் பக்கத்தில் மரத்தடியில் ஏழு கல் வரிசையாக நின்றால் அது என்னவென்று யாரும் விசாரிப்பதில்லை. ஏழு கன்னிமார். நீர்நிலைக்குக் காவல் இருப்பவர்கள். வீட்டுக்காரம்மா தலைக்குக் குளித்துவிட்டு வந்து ஏழு பேருக்கும் மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, இடுப்பில் ஆளுக்கொரு சிவப்புத் துணி கட்டினார். தேர்வு எழுதிவிட்டு மதியம் வந்த நான் பார்த்தபோது, ராஜஸ்தான் எரிமலை மஞ்சள் மணக்க நின்றுகொண்டிருந்தது.

"அம்மா, இது அக்காவோட கல்லும்மா!"

"அவ கல்ல எடுத்தாந்தாளா, ஆத்தா அவளக் கூட்டியாந்தாளா, யாருக்குத் தெரியும்?" என்றார் வீட்டுக்காரம்மா.

மறுநாள் மோட்டாரில் தண்ணீர் வந்தது. பீய்ச்சிக்கொண்டு வந்தது. அந்த வாரம் பெய்த மழையில் பக்கத்துக் கண்மாய் நிறைந்திருந்தது. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை தெருவே பொங்கல் பானையோடு எங்கள் கொல்லையில் நின்றது.

ஊரிலிருந்து திரும்பிய அக்கா கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நேராக வீட்டுக்காரம்மாவிடம் போய், "தண்ணி வந்துச்சாமே, காட்டுங்க" என்றாள். மோட்டாரைப் போட்டார்கள். கையில் பிடித்துக் குடித்துப் பார்த்தாள்.

"நல்ல தண்ணிம்மா. கண்மா நெறஞ்சதால ஊறியிருக்கும்."

"கண்மாய நெறச்சது யாருத்தா?"

அக்கா கையிலிருந்த தண்ணீரை உதறினாள். "அதப் பத்தி எங்கிட்ட டேட்டா இல்லம்மா" என்றாள்.

ஆறு கன்னிகளைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. ஏழாவதை மட்டும் போனில் படம் எடுத்துக்கொண்டு சாரிடம் போனாள். துணைக்கு நானும் போனேன். மஞ்சள், குங்குமம், சிவப்புத் துணியோடு இருந்த படத்தைப் பார்த்ததும் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்தச் செவப்பப் பாத்துத்தான் தல வெளிய வந்துருச்சுங்கிறியா? ஏம்மா, இது குங்குமம்!"

துறையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், நிஜமாகவே. பிறகு சொன்னாள்: "குங்குமம் மேலதான் சார். உள்ள கல்லு துண்டு துண்டா ஒட்டுனது, ஒவ்வொரு துண்டுக்கும் தோலு மட்டும் செவப்பு. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவுல எல்லாம் பச்ச. பின்னாடி மழையில வெயில்ல செவந்துருந்தா மொத்தமா செவந்துருக்கணும்ல? அப்ப, மேல காத்துல செவந்த துண்டு, அப்பறமா சரிஞ்சு கடல்ல விழுந்துருக்கு."

சார் சிரிப்பை நிறுத்தினார். "அறுத்து ஸ்லைடு போட்டுக் கொண்டா. இல்லையா, கடைசி அத்தியாயத்தத் தூக்கிட்டு மாசக் கடைசிக்குள்ள குடுத்துரு. பட்டம் தானா வரும்."

"அந்த அத்தியாயத்தத் தூக்கிரு அக்கா" என்று பேருந்து நிலையம் வரை கெஞ்சிக்கொண்டு வந்தேன். "கோடி வருசத்துக்கு முந்தி எந்தக் கல்லு தலைய நீட்டுனா ஒனக்கென்ன? வேல வந்துரும்ல!"

"நீட்டிருந்தா?" என்றாள்.

வீட்டுக்காரம்மாவிடம் அனுமதி கேட்டபோது நடந்ததை முழுதாக எழுத முடியாது. சுருக்கமாகச் சொன்னால், "கன்னியாத்தாள ரம்பத்துல வச்சு அறுக்கப் போறேங்கிறாளே!" என்ற குரல் தெருமுனை வரை கேட்டது. கல்லுக்குச் சொந்தக்காரி அக்காதான். ஆனால் தெய்வத்துக்குச் சொந்தக்காரர்கள் அந்தத் தெருவில் நிறையப் பேர் ஆகிவிட்டார்கள். நான் ஒரு யோசனை சொன்னேன். அதே அளவில் வேறு கல்லை மாற்றி வைத்துவிடலாம், மஞ்சள் பூசினால் எல்லாக் கல்லும் ஒன்றுதான். அவள் என்னை ஏதோ கெட்ட வார்த்தை சொன்னவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "அவங்க அதக் கும்புடுறாங்கடி. எதக் கும்புடுறோம்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

வீட்டுக்காரம்மாவின் மருமகள்தான் வழி சொன்னாள். சின்னப் பெண், அக்காமேல் கொள்ளைப் பிரியம். "சாமிகிட்டயே கேட்டுருவோமே அத்த. பூக்கட்டிப் பாப்போம்."

செவ்வாய்க்கிழமை காலை பெண்கள் கூடினார்கள். ஒரு வெற்றிலையில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் சிவப்பு அரளி. இரண்டையும் ஒன்றுபோல மடித்து நூல் சுற்றிச் சாமி முன் குலுக்கிப் போடுவார்கள். ஒருத்தி ஒன்றை எடுப்பாள். வெள்ளை வந்தால் கன்னியாத்தாளுக்குச் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. அக்கா இரண்டு பொட்டலத்தையும் உள்ளங்கையில் வைத்து எடை பார்த்து, "இது கனமா இருக்கு, எலையக் கிள்ளுங்க" என்று திருத்தினாள். மருமகள்தான் எடுப்பது என்று முடிவானது.

முதல் பொட்டலம் சிவப்பு.

"முடிஞ்சு போச்சு" என்றார் வீட்டுக்காரம்மா.

"ஒருதடவ பாத்தா பத்தாதும்மா. மூணு தடவ பாக்கணும்."

"சாமிகிட்டயே மறுகூட்டல் கேக்குறியா?"

"மூணுன்னா நல்லதுதானே" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். இரண்டாவது வெள்ளை. மூன்றாவதை எடுத்த மருமகள் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நூலை அவிழ்த்தாள். உடனே கையை மூடிக்கொண்டு, "வெள்ளதான் அத்த!" என்றாள்.

பெண்கள் குலவையிட்டார்கள். வீட்டுக்காரம்மாவின் முகம் சுருங்கிப்போனது. ஆனால் வாக்கு வாக்குதான். குனிந்து ஏழாவது கல்லின் இடுப்புத் துணியை அவிழ்க்கப் போனார். எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. அறுப்பாள், ஸ்லைடு வரும், பட்டம் வரும், வேலை வரும்.

"காட்டு" என்றாள் அக்கா.

"வெள்ளதான்க்கா."

"கையத் தொறந்து காட்டு தாயி."

நான் அவள் இடுப்பில் கிள்ளினேன், பலமாக. அவள் அசையவில்லை. மருமகளின் விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அரளி கசங்கி உள்ளங்கையெல்லாம் சிவப்பாக இருந்தது.

வீட்டுக்காரம்மா துணியை மறுபடி முடிச்சுப் போட்டார். கூட்டம் கலைந்த பிறகு மருமகள் அழுதுகொண்டே, "ஒங்களுக்காகத்தானேக்கா பொய் சொன்னேன்" என்றாள். அக்கா அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். "தெரியும்டி. எனக்கு வேண்டியதச் சொல்றவங்களத்தான் இன்னும் கிட்டப் போயிப் பாக்கணும்."

அன்று முழுக்க நான் அவளிடம் பேசவில்லை. அவளுக்கும் பேச நேரமில்லை. மரத்தடியில் உட்கார்ந்து கன்னிமாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் திடீரென்று வீட்டுக்காரம்மாவிடம், "வெள்ளிக்கிழம சாமியக் குளிப்பாட்டுவீங்கல்ல? மஞ்ச, குங்குமமெல்லாம் போயிருமா?" என்று கேட்டாள்.

"கழுவித்தான மறுபடி பூசுவோம்?"

"நடுவுல எம்புட்டு நேரம் வெறுங்கல்லா இருக்கும்?"

"வெறுங்கல்லா? நாக்க அடக்குத்தா!" என்றார். பிறகு யோசித்து, "பாலு ஊத்தி, தண்ணி ஊத்தி, தொடைக்கிற வரைக்கும்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை சார் காரில் வந்து இறங்கினார். "கல்ல அறுக்க முடியாது சார், கல்லு இருக்கற எடத்துக்கு வாங்க" என்று மட்டும்தான் அவள் சொல்லியிருந்தாள். இஸ்திரி போட்ட பேன்ட், பளபளக்கும் ஷூ, திட்டுவதற்குத் தயாரான முகம். வீட்டுக்காரம்மா முதலில் ஷூவைக் கழற்ற வைத்தார். பிறகு சாக்ஸ். பிறகு கையில் ஒரு தேங்காயைக் கொடுத்தார். திட்டுவதற்கு வந்தவர் கையில் தேங்காயோடு வெறுங்காலில் நின்றால் திட்டு வராது என்பதை அன்று கண்டுகொண்டேன்.

முதல் கன்னியிலிருந்து வரிசையாக ஊற்றிக்கொண்டே வந்தார்கள். ஏழாவதன் தலையில் செம்புத் தண்ணீர் விழுந்ததும் மஞ்சளும் குங்குமமும் கரைந்து ஓடின. சிவப்பு ஓடியது. சிவப்பு நின்றது. நனைந்த கல்லில் பச்சைப் பின்னணியில் ஒவ்வொரு துண்டும் உதட்டுச்சாயம் பூசியதுபோலச் சிவப்பு விளிம்போடு தெரிந்தது. அக்கா விடாமல் போனில் படம் எடுத்தாள்.

சார் தேங்காயை என்னிடம் கொடுத்துவிட்டு மண்டியிட்டார். சட்டைப் பையிலிருந்து லென்சை எடுத்து, மூக்கு கல்லில் உரசும் அளவுக்குக் குனிந்தார். பின்னாலிருந்து ஒரு பெண், "எம்புட்டுப் பக்தி பாத்தியா, படிச்ச மனுசனுக்கு" என்றாள்.

"இன்னொரு செம்பு ஊத்துங்க" என்றார் சார். ஊற்றினார்கள். "இங்கிட்டுக் கொஞ்சம்." ஊற்றினார்கள். அவர் அறியாமலே பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்தார். வீட்டுக்காரம்மா மணிக்கட்டில் பட்டென்று ஒரு அடி போட்டார். "சார்! ஆத்தா மேல கத்தியா?" சார் கத்தியை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு என் அக்காபோலவே, யாரும் எதிர்பார்க்காமல், விரலை அந்தச் சிவப்பில் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

அதற்குள் மஞ்சள் கிண்ணம் வந்துவிட்டது. கன்னி மறுபடி மூடப்பட்டாள்.

நெற்றியில் குங்குமமும் கையில் வாழைப்பழமுமாக சார் வாசலுக்கு வந்தார். "தல வெளிய வந்துருக்கும்மா" என்றார். அந்தச் சொற்களுக்காக அவர் எத்தனை வருடங்களைத் திருப்பிப் போட வேண்டியிருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. குரல் மட்டும் இறங்கியிருந்தது. "அத்தியாயம் இருக்கட்டும். இப்ப எடுத்த போட்டோவ வச்சே குடுத்துரு. நான் கையெழுத்துப் போடுறேன்."

நான் கடவுளே என்று கண்ணை மூடினேன். ஏழு பேரையும் சேர்த்துத்தான் கும்பிட்டேன்.

"வேணாம் சார்" என்றாள் அக்கா.

"என்னது?"

"அது ஓடையில கெடந்த கல்லு சார். எங்கேருந்து உருண்டு வந்துச்சுன்னு தெரியாது. மேல பாறையில இதே மாதிரி இருக்கணும். நீங்க ஒத்துக்கிட்டீங்கங்கிறதுக்காக நான் எப்படி எழுத?"

பூசையில் உடைத்த தேங்காய் மூடி என் கையில் இருந்தது. அதால் அவளை ஒன்று போடலாமா என்று தீவிரமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

"மாசக் கடைசி தாண்டிரும். அந்த வேல போயிரும்."

"தெரியும் சார்."

போகத்தான் செய்தது. அந்த வேலைக்கு வேறொருவர் சேர்ந்தார். அவளுக்குப் பட்டம் வர மேலும் ஒரு வருடத்துக்குமேல் ஆனது. அதற்குள் நான் குளத்தூரில் அரசு வேலையில் சேர்ந்துவிட்டேன். அவள் அப்பா போன் செய்வதையே நிறுத்தியிருந்தார். அதெல்லாம் பிறகு நடந்தது.

அன்று வாசலில் சார் ஒரு காலை ஷூவுக்குள் நுழைத்து, மறு காலை நுழைக்க மறந்து, வாழைப்பழத்தை உரித்தபடி ராஜஸ்தான் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உண்மையில் அது பக்கத்து வீட்டுச் சுவர்.

"அந்த ஓடையில இப்பத் தண்ணி ஓடுமா?" என்று கேட்டார்.

"போனாத்தான் சார் தெரியும்" என்றாள்.